ஆறாவது இடம்

லுபென் ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான், முகம் மழித்தான். அடுப்பில் காபி வைத்தான். இரண்டு பேருக்குத் தண்ணீர் விட்டிருப்பது கொதித்த பிறகுதான் தெரிந்தது. பாதியைத் தொட்டியில் கொட்டினான். கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டான்.

பதினொரு மணிக்கு அடக்கம். அதற்குள் மனைவி நெவேனாவின் மரண அறிவிப்பை அச்சடித்து வாசற்கதவிலும் டிராம் நிறுத்தத்திலும் அவள் அலுவலகக் கதவிலும் ஒட்ட வேண்டும். அவள் படம் தயாராக இருந்தது. படத்துக்குக் கீழே போட வேண்டிய வரிகள்தான் இல்லை.

எட்டு மணிக்கு ஸ்பாஸ் வந்தார். மனித உரிமை ஆணையத்தில் நெவேனாவோடு வேலை பார்த்த வக்கீல். கையில் ஆறு வெள்ளைப் பூ, ஒரு தாள்.

"ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்கப்பா. பாரு."

'ஆணையத்தின் மூத்த நிபுணர் நெவேனா, முப்பத்து மூன்றாம் வயதில்...'

"நிபுணரா?"

"மரியாதையா இருக்கும்னு தலைவி நெனைக்கிறாங்க. அரசு இல்லத்துல வளர்ந்த கதையெல்லாம் கதவுல ஒட்டணுமான்னு..."

லுபென் தாளை மேசையில் வைத்தான்.

ஆணையத்தின் பார்வையிடும் குழுவில் ஆறு பேர். ஒரு டாக்டர், ஒரு மனநல ஆலோசகர், மூன்று வக்கீல்கள். ஆறாவது இடம் எப்போதோ பூட்டிய கதவுக்கு உள்ளே வாழ்ந்த ஒருவருக்கு. சிறை, மனநல விடுதி, அரசு இல்லம் என்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார்கள். யாரையும் தண்டிக்க முடியாது. பார்க்கலாம், கேட்கலாம், எழுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பலாம். நெவேனா பதினெட்டு வயது வரை அரசு இல்லத்தில் இருந்தவள்.

"மொத நாள் ஞாபகம் இருக்கு," என்றார் ஸ்பாஸ். "ஒரு இல்லத்துல நாங்க அஞ்சு பேரும் பதிவேடு, சமையல் பட்டியல்னு உக்காந்துட்டோம். இவ நேரா குளியலறைக்குப் போனா. திரும்பி வந்து என் காதுல, 'ஐயா வக்கீலே, சோப்புல எழுத்துகூட அழியல. நாம வர்றது இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு'ன்னா. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு சோப்பத் தொட்டதில்லப்பா."

லுபெனுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன் அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்றும் அவள் கை கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை. "இவ என்ன, வீட்டச் சோதனை போட வந்தவளா?" என்றாள் அம்மா. "பழைய சோப்பு அத்தை, தேஞ்சு போயிருக்கு," என்று நெவேனா வாயெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தாள். தன் வீட்டுச் சோப்பைப் பழசு என்றதற்கு அம்மா ஒரு மாதம் பேசவில்லை. அது பாராட்டு என்று அம்மாவுக்குப் புரியவைக்க லுபெனுக்கு ஒரு வருடம் ஆனது.

"அவ எடத்துக்கு யாரு?" என்று கேட்டான்.

ஸ்பாஸ் பூக்களை மேசையில் வைத்தார். "சட்டத்துல ஆறு பேர்னுதான் இருக்கு. ஆறாவது ஆளு உள்ள இருந்தவரா இருக்கணும்னு எங்கயும் எழுதல. வழக்கம், அவ்வளவுதான். இன்னொரு வக்கீல் பேர் அடிபடுது."

"நாலாவது வக்கீல்."

"ஆமா."

லுபென் பேனாவை எடுத்தான். தாளில் இருந்த 'நிபுணர்' வரியை அடித்துவிட்டு எழுதினான்: 'அரசு இல்லத்தில் வளர்ந்தவர். அதனாலேயே ஆணையத்தின் ஆறாவது இடத்தில் இருந்தவர்.'

ஸ்பாஸ் இரண்டு முறை படித்தார்.

"அச்சடிச்சு ஆபீஸ் கதவுல நானே ஒட்டறேன். ஒட்டினத யாரும் கிழிக்க மாட்டாங்க, மழைதான் எடுக்கணும். அவ எடத்துக்கு ஆள் போடற வரைக்கும் இதத் தாண்டித்தான் உள்ள போயாகணும்." மூக்கை உறிஞ்சினார். "தடிமனா பசை தடவறேன்."

வாசலில் நின்று தயங்கினார். "கடைசியா ஏதாவது சொன்னாளாப்பா?"

"இல்ல."

தாளோடு அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது.

போன செவ்வாய்க்கிழமை காலை, நெவேனாவின் ஆஸ்பத்திரி அறை. அங்கிருந்த சோப்பு காய்ந்து வெடித்துக் கிடந்ததால் லுபென் கீழே கடையில் ஒன்று வாங்கி வந்திருந்தான். கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து அவள் கைகளைக் கழுவினான். அவள் சோப்பை வாங்கிக்கொண்டாள். கட்டைவிரலால் அதன் எழுத்துகளைத் தடவினாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

"புது சோப்பு வெச்சிருக்காங்க. யாரோ வர்றாங்க."