பல்பொடி டப்பாவின் முகம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கேட்டு நான் திருதிருவென்று முழிக்க வேண்டாம். மராத்தி ஊரான தாபோடியில் ஒரு மளிகைக் கடைக்குக் காலையில் நல்லெண்ணெய் வாங்கப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் அலமாரியில் பல்பொடி டப்பாக்கள். எல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து நின்றன. கடைக்காரர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக முன்பக்கம் திருப்பினார். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வரியை இப்படி எழுதினேன்:

[தாபோடி ஸ்டேஷனில் இறங்கி, ராணுவக் கல்லூரிச் சுவரை ஒட்டியே நடந்து—]

வேண்டாம். டெலிவரி ஆளுக்கு வழி சொல்கிற மாதிரி இருக்கிறது.

[இனவெறி என்பது ஒரு சமூகத்தின் ஆழ்மனத்தில்—]

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கிய எதையும் நானே இரண்டாவது வரிக்கு மேல் படித்ததில்லை. டப்பாவிலிருந்தே தொடங்குகிறேன்.

2.

பிறைமுத்து பல்பொடி. வட்டத் தகர டப்பா, மஞ்சள் லேபிள், அதில் ஒரு சிறுவனின் முகம்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம். முகத்தை விவரித்தால் நானும் இன்னொரு லேபிள் அச்சடித்த மாதிரி ஆகிவிடும். விவரிக்காவிட்டால் எதற்காக இவ்வளவு பேச்சு என்று உங்களுக்குப் புரியாது. அதனால் ஒரே ஒரு தடவை சொல்கிறேன். தார் பூசியது போல் கறுப்பு. பாதி முகத்துக்குச் சிவப்பு உதடு. பிதுங்கிய வெள்ளை விழி, காதில் வளையம், காதுவரை பல். பிள்ளையும் குரங்கும் கலந்த— போதும்.

பிறைமுத்து என்ற பெயர் கடைக்கார வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆகுர்டி ஃபேக்டரிகளில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள்கூட "ஏக் காளூ த்யா", ஒரு கறுப்பன் கொடுங்கள், என்றுதான் மராத்தியில் கேட்பார்கள். கடையின் ஷட்டரிலும் அதே முகம், ஆள் உயரத்துக்கு.

கடை பீர் முகமதுவுடையது. அவருடைய வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்து போட்டது. பீர் முகமதுவின் மகள் இர்ஃபானா மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் டிசைனர். அவளுக்குத் தமிழ் பேச வரும். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டி, மூன்றாவது வரியில் போனை எடுத்துவிடுவாள். ஆகவே அவளுக்குப் பக்கத்திலேயே நின்று இந்தக் கதையைத் தைரியமாகச் சொல்லப்போகிறேன். படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வர மாட்டாள்.

கடையின் பின்கட்டில் பொடி இடித்து, டப்பாவில் அடைத்து, மைதாப் பசை தடவி லேபிள் ஒட்டுவது பீர் முகமதுவின் தம்பி மன்சூர்.*

(* முதல் வரைவில் மன்சூருக்கு ஒரு வசனம்கூட இல்லை. லேபிள் ஒட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது, வைத்தேன்.)

3.

பெருநாளுக்கு முந்தின நாள் வாடிக்கை வீடுகளுக்கெல்லாம் கடையிலிருந்து ஒரு பை போகும். சேமியா, பேரீச்சம்பழம், முந்திரி, மேலே ஒரு பல்பொடி டப்பா. பீர் முகமதுவின் வாப்பா காலத்து வழக்கம். இந்த வருடம் கடைக்கு மேல் மாடியில் சூடான் நாட்டு மாணவர்கள் குடிவந்திருந்தார்கள். அவர்கள் ஊரில் சண்டை. பெருநாளுக்குப் போக வழியில்லாத பிள்ளைகள். பீர் முகமதுவுக்கு மனசு கேட்கவில்லை. மற்ற வீடுகளுக்கு ஒரு டப்பா என்றால் அவர்களுக்கு ஆளுக்கொரு டப்பா போட்டு, பையைத் தானே தூக்கிக்கொண்டு படியேறிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பெருநாள் கழிந்து ஷட்டரைத் தூக்கியபோது கடைப்படியில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஒன்றும் திறக்கப்படவில்லை. பக்கத்தில் பையை அழகாக மடித்து வைத்திருந்தார்கள். சேமியாவும் பழமும் திரும்பி வரவில்லை.

"பல்லு வெளக்க மாட்டானுவளோ," என்றார் பீர் முகமது. சத்தியமாகப் புரியாமல்தான் கேட்டார்.

இர்ஃபானாவுக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பார்த்துவரும் லேபிளை அன்றைக்குத்தான் மாடியில் இருப்பவர்களின் கண்ணால் பார்த்தாள்.

"வாப்பா, அந்தப் படத்தப் பாருங்க. நம்மளே அவங்கள கேலி பண்ணி அனுப்பின மாதிரி இருக்கு."

"கேலியா? என்ன புள்ள சொல்லுத. அது நம்ம காளூல்லா."

4.

அவர் சொன்னது சரிதான். மன்சூருக்கு ஆறு வயதாக இருக்கும்போது, பல் தெரியச் சிரிக்கிற போட்டோ ஒன்றை அவர்கள் வாப்பா லேபிள் அச்சடிக்கச் சிவகாசிக்கு அனுப்பினார். படம் போட்டவர் போட்டோவைப் பார்த்தார், மேசையில் கிடந்த, கறுப்புப் பொம்மை முகம் போட்ட ஏதோ வெளிநாட்டு பிஸ்கட் டப்பாவையும் பார்த்தார். இரண்டும் கலந்து லேபிளாக வந்தது. வீடே சிரித்தது. திருப்பி அனுப்பலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டுக் கட்டாக அச்சாகி வந்திருந்தது, அது வேறு. அன்றிலிருந்து தெருவில் மட்டுமல்ல, வீட்டிலும் மன்சூர் காளூதான்.

பீர் முகமதுவை வில்லனாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். முயன்று பார்த்தேன், வரவில்லை. தம்பியைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட மனிதர் அவர். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் கடையைச் சாத்திவிடுவார். டப்பாவை விற்பது அவருக்குத் தம்பியை ஊருக்குக் காட்டுகிற மாதிரி.

இர்ஃபானா ஒரே சாயங்காலத்தில் லேப்டாப்பில் புது லேபிள் போட்டுவிட்டாள். அதே மஞ்சள், ஒரு பிறை, பிறைக்குள் முத்து வரிசை.

"இத பிரிண்டுக்குக் குடுத்துரலாம் வாப்பா. ஷட்டர்ல உள்ளத பெயிண்ட் அடிச்சு அழிச்சிரலாம்."

"ஒன் சாச்சா மொகத்த அழிக்கச் சொல்லுதியா?"

"அது சாச்சா மொகம் இல்ல வாப்பா."

"பின்ன யாரு மொகம்?"

பின்கட்டில் பொடி இடிக்கிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

5.

இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பழைய படங்களைத் துடைத்துவிட்டால் நாம் செய்ததற்கு அடையாளமே இல்லாமல் போய்விடும் என்று ஒரு கட்சி. அடையாளத்துக்காக அடுத்தவன் முகத்தில் தினமும் கரி பூசுவீர்களா என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் நன்றாகவே பேசின. எனக்கே கைதட்டத் தோன்றியது. அப்புறம்தான் கவனித்தேன், பேசியவர்களில் ஒருவர் முகமும் டப்பாவில் இல்லை. மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினேன்.

6.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பீர் முகமது மாடிப் பிள்ளைகளில் மூத்தவனான இத்ரீஸைக் கையோடு கடைக்கு அழைத்துவந்தார். ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். டீ சொன்னார். பன்னும் சொன்னார்.

"மாஃப் கரோ பேட்டா. கலத் மத் சம்ஜோ," என்று மன்னிப்புக் கேட்டு, தப்பாக நினைக்காதே என்றார். பிறகு பின்கட்டைப் பார்த்து, "ஏ காளூ, இங்க வா," என்று கூப்பிட்டார்.

மன்சூர் கையில் பசையோடு வந்து நின்றார். பீர் முகமது அவர் தோளில் கையைப் போட்டு, ஒரு டப்பாவை எடுத்து, தம்பியின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்.

"தேக்கோ. மேரா பாய். இஸ்கா ஹி போட்டோ ஹை. தும்ஹாரா நஹி." என் தம்பி, இது இவன் போட்டோதான், உன்னுடையது இல்லை என்கிறார்.

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது இர்ஃபானாவுக்கு. இத்ரீஸ் டப்பாவைப் பார்த்தான். மன்சூரைப் பார்த்தான். அதற்குப் பிறகு டப்பாவைப் பார்க்கவில்லை.

"சாச்சா," என்றான், தட்டுத்தடுமாறிய ஹிந்தியில். "ஆப்கோ புரா நஹி லக்தா?"

உங்களுக்கு வருத்தமாக இல்லையா. இவ்வளவுதான் கேள்வி. இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் யாரும் கேட்காதது.

மன்சூர் லுங்கியில் கையைத் துடைத்தார். பசை போகவில்லை, திரும்பவும் துடைத்தார். "லக்தா ஹை பேட்டா," என்றார். இருக்கிறது மகனே.

பீர் முகமதுவின் கை டப்பாவோடு அந்தரத்திலேயே நின்றது. மன்சூர் இப்போது அண்ணனிடம் தமிழில் பேசினார். குரல் உயரவே இல்லை.

"ஊருல பொண்ணு பாக்கப் போனோமேண்ணே. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைவ இப்பிடித்தான் டப்பாவக் கொண்டாந்து எம் மொகத்துக்குப் பக்கத்துல வச்சுப் பாத்துச்சுவ. எல்லாரும் சிரிச்சாவ. நீங்களும் சிரிச்சிய."

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அதற்குப் பிறகு மன்சூர் எங்கேயும் பெண் பார்க்கப் போகவும் இல்லை.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா," என்றார் பீர் முகமது.

"தெனமும் ராத்திரி செவுத்தப் பாத்துத் திருப்பி வச்சேன். நீங்க தெனமும் காலைல இந்தப் பக்கம் திருப்புனிய."

ராத்திரி தூசி படிந்தால் லேபிள் மங்கிவிடும், அதற்காகச் சாச்சா திருப்பிவைக்கிறார் என்றுதான் இர்ஃபானா சின்ன வயதிலிருந்து நம்பியிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். இத்ரீஸின் டீ ஆறிப்போயிருந்தது. அவன் அதை மரியாதைக்காக முழுவதும் குடித்துவிட்டுப் போனான்.

7.

இனி முடிவு. என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று. இர்ஃபானாவின் லேபிள் அச்சாகிறது, ஷட்டர் வெள்ளையாகிறது, மாடிப் பிள்ளைகள் டப்பா வாங்கிப் போகிறார்கள். எல்லோர் பல்லும் பளிச். எனக்கே ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியபோது மன்சூர் சொன்னதை என்ன செய்வது?

"நல்லாருக்கு தாயி. ஆனா இதக் கண்டா, எதுக்கு மாத்துனியன்னு யாருக்குத் தெரியும்? டிசைன் புதுசுன்னுதான் நெனைப்பாவ. சிரிச்சவுக எல்லாருக்கும் சுளுவா மறந்துபோவும். எனக்கு மறக்காதுல்லா."

"அப்ப பழசே இருக்கட்டுமா சாச்சா?"

"அப்பிடியும் நான் சொல்லலியே."

இரண்டு. [கடைக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் பழைய டப்பா ஒன்று. கீழே மூன்று மொழிகளில் விளக்கம், இந்தப் படம் அந்தக் காலத்து அறியாமையின்—] துவரம்பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் மியூசியமா? மன்சூர் அதையும் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பார்.

மூன்றாவது முடிவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்தது மட்டும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கவில்லை. பீர் முகமது வெள்ளை பெயிண்ட் டப்பாவும் பிரஷும் வாங்கிவந்து, ஷட்டருக்கு முன்னால் ஸ்டூலில் ஏறினார். முட்டி வலிக்கிற மனிதர். ஆளை வைத்துச் செய்யலாம் என்று மகள் சொன்னதைக் கேட்கவில்லை. மன்சூர் ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டார். இர்ஃபானா பழைய துணியோடு பக்கத்தில் நின்றாள். மாடி பால்கனியில் இத்ரீஸும் கூட்டாளிகளும் துணி காயப்போட வந்தவர்கள், அப்படியே நின்றுவிட்டார்கள்.

பீர் முகமது பிரஷைத் தோய்த்தார். ஷட்டருக்குக் கொண்டுபோனார். வைக்கவில்லை. கீழே குனிந்து பார்த்தார்.

"மன்சூரு," என்றார்.

அண்ணன் வாயிலிருந்து தன் பெயர் வந்ததும் மன்சூர் நிமிர்ந்தார்.

"நீ சொல்லு மன்சூரு. நான் என்ன செய்யட்டும்?"

மன்சூர் வாயைத் திறந்தார்.

அவர் சொன்னதை நான் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை கட்டுரை பேசினார். ஒரு தடவை அவசரமாக எல்லோரையும் மன்னித்தார்; அதில் அவரைவிட எனக்குத்தான் நிம்மதி. ஒரு தடவை இர்ஃபானா நினைத்ததையே சொன்னார். எல்லாம் என் குரல். அண்ணன் ஒருவழியாகக் கேட்டுவிட்ட கேள்விக்கு நான் குறுக்கே விழுந்து பதில் சொல்வது நியாயமில்லை.

அதனால் இந்தக் கடைசி வரியை உங்களிடம் விடுகிறேன். நீங்களாக யோசித்து எழுதிவிடாதீர்கள், அதையும் நான் அடித்துவிடுவேன். உங்கள் வீட்டில் ஒருவரைச் செல்லமாக ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள். நிறத்தை வைத்தோ, மூக்கை வைத்தோ. எல்லோரும் சிரிப்பீர்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். அவரிடம் போய், அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இத்ரீஸ் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதை ஒரு எழுத்து மாற்றாமல் இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் போய் வாருங்கள். பீர் முகமது ஸ்டூலில் நிற்கிறார். அதுவரை பெயிண்ட் காயாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.