கால் வைக்கக் கூடாத காடு

பலாப்பழம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் வேறு ஆள்.

மலையடிவாரத்தில் இருந்த சென்னியப்பன் வீட்டு வாசலில் அதை இறக்கி வைத்துவிட்டு, அந்த மலைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காளியண்ணன் உங்களுக்குன்னு எடுத்துட்டு வந்ததுங்க. பாதி எறக்கத்துல, பெரிய பாறைகிட்ட, சுமையை எறக்கிட்டுக் குந்துனான். நீங்க முன்னால போங்க, வாரேன்னான். ரொம்ப நேரமா ஆளைக் காணோமேன்னு திரும்பிப் போய்ப் பாத்தா, குந்துன மேனிக்கே இருக்கறான். உசுரு இல்லீங்க."

காளியண்ணனுக்கு முப்பத்தொரு வயது. சென்னியப்பனுக்கும் அதேதான். சந்தைக்கு வரும்போதெல்லாம் காளியண்ணனின் அப்பா இந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில்தான் தங்குவார். மகனையும் கூட்டி வருவார். அப்படி ஏற்பட்ட பழக்கம். சென்னியப்பன் திருச்சிக்குப் போய் பி.ஏ. படித்து வந்த பிறகும் அது அறுந்துபோகவில்லை.

பழத்தை உள்ளே எடுத்து வைக்கக்கூட யாரும் இல்லை. ருக்குமணி போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. இரண்டு நாள் காய்ச்சல். அதன்பின் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான். பழத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மலை ஏறினான்.

மலைமேல் அரியூர் நாடு என்ற பகுதியில் காளியண்ணன் ஊருக்கு ஏழு வீடு. அவன் போய்ச் சேர்வதற்குள் குழிக்குள் மண் தள்ளியிருந்தார்கள். அவனும் ஒரு பிடி போட்டான். காளியண்ணனின் மனைவி சின்னக்கண்ணு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஐந்து வயதுப் பெண் ஆத்தாயி. வந்தவர்கள் எல்லாரும் ஏதோ சொன்னார்கள்.

ருக்குமணி செத்தபோதும் வந்தவர்கள் இப்படித்தான் பேசினார்கள். இளவயசு, இன்னொரு கல்யாணம், விதி. எதுவும் அவன் காதில் ஏறவில்லை. காளியண்ணன் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கிணற்றுமேட்டில் உருளை கிறீச்சிடும் சத்தம் கேட்டது. மலைக்காரன், அதற்கு முன் கவலை ஏற்றம் இறைத்தே அறியாதவன், மாடுகளைப் பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். கருமாதி வரை தினமும் அந்தச் சத்தம் கேட்டது. பிறகு ஒருநாள் கேட்கவில்லை. அவன் ஊருக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது. மிளகாய்ச் செடி காயாமல் பிழைத்திருந்தது.

அதேமாதிரி ஏதாவது செய்ய வேண்டும். சென்னியப்பனுக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

அதற்கு வழி கருப்பண்ணனிடமிருந்து வந்தது. காளியண்ணனுக்குப் பெரியப்பன் மகன். சென்னியப்பன் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தான்.

"நேரங்கெட்ட நேரத்துல போயிட்டானுங்க," என்றார். "விதைச்சு முப்பது நாளாச்சு. களை எடுக்கற பருவம். பதினாறு கழியற வரைக்கும் அந்தக் காட்டுல அவளும் கால் வைக்கக் கூடாது, பங்காளிங்க நாங்களும் வைக்கக் கூடாது. அதுக்குள்ள களை ஏறிப் பயிரை அமுக்கிப் போடும். அப்புறம் அதுக ரெண்டும் வருசத்துக்கும் எதைத் திங்கும்?"

"அந்த அம்மிணியோட அண்ணன்?"

"குண்டனி நாட்டுல இருக்கறான். கால்ல வெட்டுப்பட்டுக் கெடக்கறானாம்."

"நான் பங்காளி இல்லையே."

கருப்பண்ணன் அவன் கையைப் பார்த்தார். "நீங்க பி.ஏ. ஆச்சுங்களே."

"களை எடுக்கத் தெரியும்."

"பாத்துங்க. காலேசுல எடுக்கற களை வேற, காட்டுல எடுக்கற களை வேற."

மறுநாள் விடிந்ததும் களைக்கொத்தோடு போனான். காடு ஊரைவிட்டுத் தள்ளி, எதிர்ச்சரிவில் இருந்தது. சுற்றிலும் கல்கட்டு. ஆடி மாதத்துச் சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அதுவும் நல்லதாகத்தான் இருந்தது.

அவன் கடைசியாக இங்கே வந்தது ருக்குமணியோடு. போன வருசத்துக்கு முந்தின வருசம், ஐப்பசியில். இதே காட்டில் அப்போது ராகி கதிர் வாங்கி நின்றது. அவள் ஒரு கதிரைக் கசக்கி வாயில் போட்டுக்கொண்டு, "உங்கூரு ராகியவிட இனிப்பா இருக்குது" என்றாள். 'உங்கூரு' என்றுதான் கடைசிவரை சொன்னாள். கல்யாணமாகி மூன்று வருசமாகியும் அது அவள் ஊராகவில்லை.

ராகிப் பயிர் அவனுக்குத் தெரியும். குனிந்து பார்த்தான். அங்கங்கே குத்துக்குத்தாய் நின்றது. அதைச் சுற்றிலும் மெல்லிசாக ஒரு புல் மண்டிக் கிடந்தது. ராகியை விட்டுவிட்டுப் புல்லைப் பிடுங்கினான். ஈர மண்ணில் அது நோகாமல் வந்தது. ஒரு குத்து ராகியைக்கூட மிதிக்காமல் பார்த்துக்கொண்டான். சாயங்காலம் இடுப்பு ஒடிந்துபோயிற்று. அன்று பதினொரு மாதத்தில் முதல்தடவையாகப் படுத்ததும் தூங்கினான்.

"களை ஆகுதுங்களா?" என்று கருப்பண்ணன் கேட்டார்.

"ஆகுது."

"அரைநாள் எங்காட்டுக்கும் வாங்க. கூலி கெடையாது, களி உண்டு."

அவன் சிரிக்கவில்லை. அவருக்கும் அது பெரிய வேடிக்கையாகப் படவில்லை. அவரவர் காட்டில் அவரவருக்குக் களை இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் ஆத்தாயி கல்கட்டின்மேல் வந்து நின்று பார்த்தாள். உடனே ஓடிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து சின்னக்கண்ணுவின் குரல் வந்தது.

"ஏனுங்கண்ணா! கையை நிறுத்துங்க! அய்யோ, நிறுத்துங்க!"

நிமிர்ந்தான். அவள் கல்கட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். தலையில் கோணிப்பையை மடித்துப் போட்டிருந்தாள். மகள் சேலையைப் பிடித்திருந்தாள்.

"என்னத்தைப் புடுங்கறீங்க?"

"களை."

"எது களை?"

கையிலிருந்ததைக் காட்டினான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது சாமைங்கண்ணா."

"ராகிக்காடு இல்லையா?"

"ராகி முந்தின வருசம். இந்த வருசம் சாமை போட்டாரு."

"அப்போ இது?" காலடியில் நின்ற குத்தைக் காட்டினான். மூன்று நாளாக மிதிக்காமல் காத்தது.

"அடித்தண்டைப் பாருங்க. சப்பையா, வெளுப்பா, தரையோட படுத்திருக்குதா? ராகியே இல்லை அது. ராகி மாதிரி வேசம் போடற புல்லு."

அவன் திரும்பிப் பார்த்தான். காட்டில் மூன்றில் ஒரு பங்கு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதில் புல் மட்டும் ராஜா மாதிரி நின்றது. ஓரத்தில் சாமை மூன்று குவியலாய்க் கிடந்தது. ஒரு குடும்பத்தின் சோறு. அவனே பிடுங்கி, அவனே குவித்தது.

கல்கட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல், தோள் குலுங்க. பிறகு அதுவே அழுகையாயிற்று. ஆத்தாயி இரண்டுக்கும் அம்மாவின் முகத்தை ஒரே மாதிரி பார்த்தாள்.

சின்னக்கண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மொதக் குவியல் எங்க இருக்குது?"

"அதோ."

"அது போச்சு. நேத்துப் புடுங்குனது?"

தொட்டுப் பார்த்தான். "சுருண்டிருக்குது."

"அதுவும் போச்சு. இன்னிக்கிதுல உசுரு இருக்கும். சாரல் உடறதுக்குள்ள திருப்பி நட்டுருங்க. மொதல்ல அந்தப் புல்லைப் புடுங்குங்க. அதில்லைங்கண்ணா, பக்கத்துல! ஆங், அது. வேரோட."

அவள் கால் கல்கட்டின் விளிம்புவரை வந்து நின்றது. உள்ளே வரவில்லை. வந்திருந்தால் ஒரு நாழிகையில் அவளே முடித்திருப்பாள். கைநீட்டிக் கைநீட்டிச் சொன்னாள். அவன் விரலால் மண்ணைக் குத்தி, நாற்றை வைத்து, அழுத்தினான்.

"ஒண்ணொண்ணா வெச்சா விடிஞ்சுரும். ரெண்டு மூணாச் சேத்து வைங்க. அத்தனை ஆழம் வேண்டாம், பொதைக்கறீங்களா நடறீங்களா?"

சொல்லிவிட்டு அவளே பேச்சை நிறுத்தினாள்.

"தப்பு பண்ணிட்டேன் அம்மிணி," என்றான், நிமிராமல்.

"அவரும்தான் பண்ணுனாரு." அவள் கல்கட்டின்மேல் உட்கார்ந்தாள். "உங்க ஊட்டுல தண்ணி எறைச்சாரில்ல? ரெண்டு நாளாத் தண்ணியைப் பக்கத்துக் காட்டுக்காரருக்குத் திருப்பி விட்டிருக்கறாரு. எந்த மடையைத் தொறக்கறதுன்னே தெரியலையாம். மூணாம் நாளு அந்தக் காட்டுக்காரரே வந்து, போதும் சாமி, என் காடு நெறைஞ்சுபோச்சு, உன் சிநேகிதனுக்குப் பாய்ச்சுன்னாராம். இங்க வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. சென்னியப்பன் கண்ணு முன்னாலதான் நடந்துது, ஒரு வார்த்தை கேக்கலை, எம்மாம் பெரிய மனசுன்னாரு."

சென்னியப்பன் கை மண்ணில் அப்படியே நின்றது.

"நான் பாக்கவே இல்லை அம்மிணி."

"எதை?"

"அவன் எறைச்ச சத்தம் கேட்டுது. ஒரு நாளுகூடக் கிணத்துமேட்டுக்குப் போகலை. சாப்பிட்டானான்னு கேக்கலை. எப்போ கெளம்பினான்னுகூடத் தெரியாது."

அவள் அவனைப் பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று அவன் பயந்தான்.

"இடதுபக்கம் ஒண்ணு உட்டுட்டீங்க," என்றாள்.

அதன்பின் தினமும் வந்தாள். மகளோடு கல்கட்டின்மேல் உட்கார்ந்து காட்டைப் பார்த்தாள். மிச்சமிருந்த இரண்டு பங்கிலும் சரியான களையைத்தான் எடுத்தான். சந்தேகம் வந்தால் பிடுங்காமல் விரலால் காட்டினான். களைதான் என்றால் அவள் தலையாட்டினாள், இல்லையென்றால் ஆட்டவில்லை. ஆத்தாயிக்குச் சாமையும் புல்லும் அவனைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது. ஒருநாள், "அப்பா வந்தா உங்களை அடிப்பாங்க" என்றாள். சின்னக்கண்ணு அவளை அதட்டவில்லை. அவனும் ஆமாம் என்றான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பங்காளிகள் குளித்து வந்தார்கள். சின்னக்கண்ணு ஈரச்சேலையோடு நேரே காட்டுக்கு நடந்தாள். கல்கட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள். சென்னியப்பன் வெளியே நின்றான்.

முதலில் வெறும் தரையாய்க் கிடந்த பங்கைக் கடந்தாள். அங்கே நிற்கவில்லை. அவன் திருப்பி நட்ட இடத்தில் குந்தினாள். ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டே போனாள். காய்ந்ததைக் கிள்ளி எறிந்தாள். நெடுநேரம் ஆயிற்று.

"பாதி புடிச்சிருக்குது," என்றாள். "வெறுந்தரைக்கு அண்ணன் கால் ஆறி வந்ததும் கொள்ளு போட்டுக்கலாம். சமாளிச்சுருவோம்."

கருப்பண்ணன், "போன வருசத்தைவிட நல்லாருக்குதே" என்று பொய் சொன்னார்.

அவள் எழுந்து வரும் வழியில் குனிந்து ஏதோ ஒன்றைப் பிடுங்கினாள். அவன் கண்ணுக்குத் தப்பிய ஒரு குத்துப் புல். வேரோடு, மண்ணோடு. கல்கட்டுக்கு மேலே கைநீட்டி அவனிடம் கொடுத்தாள்.

"உங்க ராகிங்கண்ணா."

அவன் வாங்கிக்கொண்டான்.

"அறுப்புக்கு வாங்க. வராம இருந்துராதீங்க."

"வாரேன்," என்றான். சொன்ன பிறகுதான் காளியண்ணனின் அந்தக் கடைசிச் சொல் காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்க வேண்டும். மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

பாதி இறக்கத்தில் அந்தப் பெரிய பாறை. வருகிறவர் போகிறவர் ஆளுக்கொரு கல் வைத்து, அடியில் சின்னக் குவியலாகியிருந்தது. அவனும் ஒரு கல் தேடினான். அப்போதுதான் கையில் இன்னும் அந்தப் புல் இருப்பது தெரிந்தது. கல்லுக்குப் பதிலாக அதையே குவியலின்மேல் வைத்தான். பாறையில் காளியண்ணன் உட்கார்ந்த இடம் எதுவென்று தெரியவில்லை. ஒரு பக்கமாய் உட்கார்ந்தான்.

"அந்தத் தண்ணியை நான் பாக்கலைடா," என்றான்.

கீழே ஊர் தெரிந்தது. அவன் கிணறு, அவன் ஓட்டுவீடு. பலாப்பழம் வாசலில் இந்நேரம் அழுகி வெடித்திருக்கும். மிளகாய்க்காட்டுக்குத் தண்ணீர் விட்டுப் பதினாறு நாள் ஆகிறது. எழுந்து, நகக்கண்ணில் மண்ணோடு இறங்கினான்.