நடுவில் இருப்பவர்கள்

ஆரோக்கிய ராணி கம்ப்யூட்டர் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்து, அடக்க வீடியோவில் தன்னைத் தேடினாள். அப்பா லூர்துசாமியின் சவப்பெட்டி இருந்தது, அத்தைகள் இருந்தார்கள், பங்குச் சாமியார் இருந்தார், பந்தல்காரர் வைத்த ஃபேன்கூட இருந்தது. அவள் மட்டும் இல்லை. கிள்ளையிலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரத்தில் இந்த மாடி அலுவலகத்துக்கு அவள் வந்ததே இதற்காகத்தான்.

"நான் போயிருந்தேன் பாப்பா. பெட்டி எடுக்குற வரைக்கும் பந்தல் ஓரமாத்தான் நின்னேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயல்விழிக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் தேவலை. கடலூர், சிதம்பரம் ஸ்டுடியோக்காரர்கள் எடுக்கும் வீடியோக்களை வெளிநாட்டு உறவினர்களின் போனுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்புவது அந்த அலுவலகத்தின் தொழில். ஆள் உட்கார்ந்து மாற்றுவதில்லை. கயல்விழி எழுதிய புரோகிராம், கிளவுடு நிறுவனம் தயாராகத் தரும் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு வழியாக ஒரு பிரீசெட்டை, அதாவது முன்பே எழுதி வைத்த அளவுகளை, அழைக்கும். படத்தின் அளவு, ஒலி, எந்த ஓரத்தில் எவ்வளவு வெட்டவேண்டும் என்பதெல்லாம் அதில் ஒரே தடவையாகச் சொல்லி வைத்தாயிற்று. பிறகு வருகிற வீடியோ எல்லாவற்றுக்கும் அதே அளவுதான். போனை நிமிர்த்திப் பிடித்தால் திரை நிறையவேண்டும் என்று இரண்டு ஓரங்களையும் வெட்டச் சொல்லியிருந்தாள். கல்யாண வீடியோக்களை வைத்துத்தான் சரிபார்த்தாள். கல்யாணத்தில் முக்கியமானவர்கள் நடுவில் இருப்பார்கள். சாவு வீட்டில் அப்படியில்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கயல்விழி விஷயத்தைச் சொன்னதும், வெட்டாத வீடியோ இருக்குமே என்று ராணி கேட்டாள். மாற்றி முடிந்ததும் அது தானாக அழிந்துவிடும், முதலாளி அப்படித்தான் வைக்கச் சொல்லியிருந்தார். ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டால், கேமரா கார்டை ஒரு வளைகாப்புக்காகத் துடைத்துவிட்டதாகச் சொன்னார்.

கிள்ளை இளவரசுவை அப்பா பேச்சை மீறிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ராணியை அப்பா வீட்டுப்படி ஏற்றவில்லை. குவைத்திலிருக்கும் தம்பி ஜெகன் மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் அவளோடு பேசிக்கொண்டிருந்தான். லீவு கிடைக்காமல் அடக்கத்தை அவன் போனில்தான் பார்த்தான். அக்கா எங்குமே இல்லை. அவள் வந்தாள் என்று சொல்ல அத்தைகளுக்கு வாய் வரவில்லை. அவன் அனுப்பியிருந்த குரல் பதிவை ராணி போட்டுக் காட்டினாள்.

"அப்பா செத்ததுக்கு அப்புறமும் உனக்கு ரோஷம் போவல இல்ல? இனிமே எனக்குப் போன் பண்ணாத."

 கயல்விழி தானே ஜெகனிடம் பேசி, தப்பு தன்னுடையது என்று சொல்வதாகச் சொன்னாள். ராணி தலையசைத்து மறுத்தாள்.

"நான் சொல்லச் சொன்னேன்னுதான் நெனைப்பான்."

வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்கள். பெட்டியைத் தூக்கும் இடத்தில் இடது ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. ராணி நிறுத்தச் சொன்னாள்; அது அவள் கை. விரல்கள் பெட்டியை நோக்கி விரிந்திருந்தன. மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது. அவள் தொடுவதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

ஒரு கையைப் பார்த்து யார் நம்புவார்கள் என்று கயல்விழி நினைத்தாள். ராணி வளையலை மேலே ஏற்றிவிட்டு, தன் இடது கையைத் திரைக்குப் பக்கத்தில் அதேபோல் விரித்து வைத்தாள்.

"ரெண்டையும் சேத்து எடு பாப்பா."

கயல்விழி ராணியின் போனிலேயே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஜெகனுக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின. அவன் ஏதோ எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, மறுபடி நின்றது. ராணி கையை எடுக்கவில்லை. திரையில் அந்தக் கையும் பெட்டியைத் தொடாமல் நீண்டபடியே இருந்தது.