உண்டியலில் போட்ட தாலி

கனகம்மாசத்திரத்தில் பஸ் ஏறியதிலிருந்தே ரஞ்சிதம் முந்தானையால் கழுத்தை மூடியபடி வந்தாள். கழுத்தில் தாலி இல்லை, வெறும் மஞ்சள் கயிறுதான் இருந்தது. திருத்தணியில் இறங்கியதும் அண்ணன் ஆதிகேசவன் சலித்துக்கொண்டான்.

"வக்கீல் இன்னா உன்னை முழுங்கிடவா போறாரு? மூச்சு வுட்டுக்கினு வா."

"என் வூட்டுக்காரரு போலீசை வெச்சு இட்டுனு போவேன்னு சொல்லிகினு கீறாரே ண்ணா. வந்தா நீ இன்னா பண்ணுவே?"

ஆதிகேசவன் வக்கீல் வீட்டுப் பக்கம் நடையைக் கட்டினான்.

அவள் புருஷன் கஜபதி, சின்ன வயசிலிருந்து 'பாவா' என்று அவள் கூப்பிட்ட அத்தை மகன்தான். மூன்றரை வருஷத்துக்கு முன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்கென்று போனவனிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. அங்கே ஒருத்தியோடு குடித்தனம் என்ற சேதி மட்டும் வந்தது. போன மாதம் திடீரென்று ஊரில் வந்து இறங்கினான். அவன் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். கஞ்சி ஊற்ற ஆள் தேவைப்பட்டதும் பெண்டாட்டி நினைவு வந்துவிட்டது. ரஞ்சிதம் அண்ணன் வீட்டை விட்டு அசையவில்லை. கோர்ட்டில் போட்டு இழுத்துப் போவேன் என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

வக்கீல் துளசிங்கம் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார்.

"சேர்ந்து வாழணும்னு அவன் கேஸ் போடலாம்மா. ஆனா வுட்டுட்டுப் போனவனே போட்டா நிக்கிறது கஷ்டம். அப்படியே ஜெயிச்சாலும் உன் சொத்தைத்தான் ஜப்தி பண்ணலாம். உன் கையைப் புடிச்சு இழுத்துப் போக எந்தப் போலீசுக்கும் அதிகாரம் இல்லே."

"நெஜமாவாங்க?"

"நெஜம்தான். சொத்து இன்னா வெச்சிருக்கே?"

"ஒரு எருமைங்க. அதுவும் உதைக்கும்."

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். "இந்த வருஷம் நம்ம மாகாணத்துல புதுச் சட்டம் வந்திருக்கு. காரணம் இல்லாம மூணு வருஷம் சேர்ந்தாப்பல வுட்டுட்டுப் போயிட்டா, கல்யாணத்தையே ரத்து பண்ணச் சொல்லி நீ கேக்கலாம். ஆனா மூணு வருஷத்தை நாம நிரூபிக்கணும். நடுவுல வந்து போயிகினுதான் இருந்தேன்னு அவன் சாதிப்பான்."

அவள் முகம் மறுபடி வாடியது. வக்கீலின் பார்வை மஞ்சள் கயிற்றில் நின்றது. "தாலி எங்கேம்மா?"

ரஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு வுட்டுட்டுப் போன அதே வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு இந்த மலையேறி உண்டியல்ல போட்டுட்டேங்க. அவரு திரும்பி வரணும்னு வேண்டுதல். அதைச் சொல்லித்தான் பஞ்சாயத்துல என் மானத்தை வாங்கிட்டாரு."

"இன்னான்னு சொன்னான்?"

ஆதிகேசவன் முந்திக்கொண்டான். "'மூணு வருஷத்துக்கு மேலா தாலி இல்லாம திரிஞ்சிருக்கா, எனக்கே இப்பத்தான் தெரியும், ஓடிப்போனது நான் இல்லே, இவதான்'னு கத்தினாருங்க. ஊரே கேட்டுச்சு."

வக்கீல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பத்தான் தெரியும்னானா? நடுவுல ஒருவாட்டி வந்திருந்தாக்கூட கழுத்தைப் பார்த்திருப்பானே! வரவே இல்லேன்னு ஊரைக் கூட்டி அவனே சொல்லிட்டான். கேட்டவங்கள்ல நாலு பேர் சாட்சிக்கு வந்தாப் போதும்."

ரஞ்சிதத்துக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் கஜபதி நின்றுகொண்டிருந்தான். வக்கீலைப் பார்க்கப் போகிறாள் என்று தெரிந்து அடுத்த பஸ்ஸிலேயே வந்திருந்தான்.

"வக்கீலு கிடக்கட்டும். நான் வரணும்னு முருகன் கிட்ட வேண்டிக்கினே இல்லே? வந்துட்டேன். இப்போ சாமியவே ஏமாத்தப் பார்க்கறியா?"

போலீசை விட இந்தக் கேள்விக்குத்தான் அவள் ஒரு மாதமாகப் பயந்திருந்தாள். நேரில் கேட்டபோது பதில் தானாக வந்தது.

"வரணும்னு கேட்டேன் பாவா. வந்துட்டே. சாமி அவர் வேலையை முடிச்சுட்டாரு. தாலியும் அவருக்கே. நான் வந்து வாழறேன்னு அவர் கிட்ட சொல்லவே இல்லியே."

ஆதிகேசவன் சிரிப்பை அடக்க மலைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காற்றில் முந்தானை தோளிலிருந்து நழுவியது. ரஞ்சிதம் அதை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்ளவில்லை.

"ண்ணா, காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல. இட்லி கடை எந்தப் பக்கம்?"