நாலு நாலாகப் பன்னிரண்டு பொத்தான்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருட்டறை நாற்காலியில் உட்கார்ந்து, இடது கண்ணை மறைத்துக்கொண்டு, நாலாவது வரியின் மூன்றாவது எழுத்தில் தடுமாறிக்கொண்டிருந்தபோது லேப்டாப் அதைச் சொல்லித் தொலைத்தது. "சமத்தா தலைய ஆட்டாம உக்காந்தா மிட்டாய் தருவேன், செல்லக்குட்டி." கணீரென்ற பெண் குரல். துணித்திரைக்கு இந்தப் பக்கம் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த நான் மெஷினை நிறுத்திவிட்டேன். பிறகு திரையை விலக்கிக்கொண்டு அந்த அம்மா வெளியே வந்தார். "எனக்கு அறுபத்தெட்டு வயசாகுது" என்று என்னிடம் சொன்னார். உள்ளே இருந்த ஆளால் வாய் திறந்து மன்னிப்புக் கேட்க முடியாது என்பதால் நான்தான் கேட்டேன். என்ன கேட்டு என்ன, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

உள்ளே இருந்தவர் என் வீட்டுக்காரர். என் அண்ணனின் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாகக் கண் பரிசோதிப்பவர். மூன்று வருஷம் முன்னால் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் வாய் ஓயாத மனுஷன் அவர். அவரோடு ஒரு மணி நேரம் சும்மா இருந்தவர்கள்கூட வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் எழுந்து போவார்கள். அந்த ஆள் நாலு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு ஒரு நாள் தானாகவே எழுந்து உட்கார்ந்து, தன் பழைய லேப்டாப்பில் எழுதினதைப் படிக்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டார். அதில் கேட்கச் சகிக்கிற மாதிரி இருந்தது ஒரே ஒரு குரல்தான், அதுவும் பெண் குரல். "உங்களோட சண்ட போட்டா பக்கத்து வீட்டுக்காரியோட சண்ட போடற மாதிரியே இருக்கு" என்று ஒரு தடவை கத்தினேன். டக்டக்கென்று நாலு தட்டு. "அதான் நீ எப்பவும் தோத்துப் போற" என்றது லேப்டாப்.

அந்த லேப்டாப்பைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கறுப்பாக, தடியாக, செங்கல்லைத் தூக்குகிற கனத்தில் இருக்கும். பார்க்க லட்சணம் என்று சொல்லமுடியாது. ஆனால் அதைச் செய்தவன் யாரோ, விரல் என்றால் என்ன என்று தெரிந்தவன். ஒவ்வொரு பொத்தானிலும் விரல்நுனி அமர்கிற அளவுக்கு லேசான குழி இருந்தது. அழுத்தினால் உள்ளே போய், போனேன் என்று சொல்லிவிட்டு மேலே வரும். மேல் வரிசையில் இருந்த பன்னிரண்டு பொத்தான்களையும் நாலு நாலாகப் பிரித்து நடுவில் சுண்டுவிரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தான் பாருங்கள், அதற்காகவே அவனுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஒரு பொத்தானுக்கு ஒரு வாக்கியம் என்று, முதல் நாலில் கேள்விகளை வைத்திருந்தார் இவர்: ஒண்ணு தெளிவா இருக்கா ரெண்டு தெளிவா இருக்கா, கடைசி வரியப் படிங்க, இந்த மாதிரி. நடு நாலில் மேலே பாருங்க, கண்ணைச் சிமிட்டுங்க. கடைசி நாலில் முடிஞ்சுது எழுந்துக்கலாம், குழந்தைகளுக்கான மிட்டாய், இப்படி. இருட்டறையில் லேப்டாப் திரையை முழுக்க அணைத்துவிட்டு, வலது கையால் லென்ஸ் மாற்றிக்கொண்டே இடது கை விரலால் இடைவெளியைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்துவார். ஒரு பொட்டு வெளிச்சம் வராது. வெளிச்சம் பட்டால் வந்தவரின் கண்மணி சுருங்கிவிடும், அளவு தப்பும்.

பொத்தான் வாக்கியங்கள் போக, சொந்தமாக அடிக்கிறதும் உண்டு. அதில்தான் என் வீட்டுக்காரர் திரும்பக் கிடைத்தார். பரிசோதனை முடிந்து விளக்கைப் போட்டதும் ஒரு வியாபாரி சுற்றுமுற்றும் பார்த்து, "உள்ள பேசிட்டிருந்த அம்மா எங்க சார்?" என்று கேட்டார். மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. "இப்பத்தான் உங்க முன்னாடி வெளிய போனாங்க. பாக்கலையா? அப்ப பவரைக் கூட்டணும்." அந்த வியாபாரி இன்றுவரை தன் குடும்பம் முழுக்க எங்களிடம்தான் கூட்டி வருகிறார். அந்தப் பதில் பத்து விநாடி தாமதமாக வந்திருந்தால் அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பத்து விநாடியை மிச்சம் பிடித்துக் கொடுத்தது அந்தத் தடி லேப்டாப்தான்.

அதன் மூடி கழன்று ஆடத் தொடங்கியதும் அண்ணன் புதுசு வாங்கி வந்தான். குற்றம் சொல்ல முடியாது. இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வந்து வராண்டாவில் படுத்தவன் அவன். "அதே கம்பெனி, அதே பேரு மாப்ள, டிசைன் மட்டும் புதுசு" என்று பெட்டியைப் பிரித்தான். பழையதை அவனே எடுத்துப்போய் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டிருந்தான், எங்களுக்கு ஒரு வேலை மிச்சம் என்று. புதியது தோசைக்கரண்டி கனம்கூட இல்லை. பொத்தான்கள் தட்டையாக, அழுத்தினதே தெரியாமல் இருந்தன. மேல் வரிசைப் பொத்தான்களைக் காணவே காணோம். அந்த இடத்தில் வழவழவென்று ஒரு பட்டை, தொட்டால் பளிச்சென்று எரிகிறது. இவர் அந்தப் பட்டையின் மேல் இடது கை விரலை இப்படியும் அப்படியும் ஓட்டிப் பார்த்தார். பிறகு நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்கு மச்சான்" என்று அடித்தார்.

இருட்டறையில் பட்டையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, குத்துமதிப்பாகத்தான் தொட்டார். தலைமையாசிரியை விஷயம் முதல் வாரம். தனி கீபோர்டு ஒன்று வாங்கிச் செருகிப் பார்த்தோம். நாற்காலிக் கையில் பொருத்திய பலகை சின்னது, இவர் குனிந்தபோதெல்லாம் அது சரிந்து வந்தவர்கள் மடியில் விழுந்தது. இரண்டாவது வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தார். வலது கண் முடிந்ததும் இவர் விரல் பட்டையில் ஒரு நகக்கண் அளவு தள்ளிப் போய், "முடிஞ்சுது, எழுந்துக்கலாம்" என்றது லேப்டாப். அவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்த அவசரத்தில் ஓடிவிட்டார். இடது கண்ணுக்குச் சீட்டில் பழைய அளவே இருந்தது. அந்த லென்ஸைத் தேய்த்தவள் நான். நாலு நாள் கழித்து அவர் திரும்பி வந்து, படி இறங்கினால் தரை எழும்பி வருகிறது, இந்தக் கண்ணாடியோடு எப்படி வண்டி ஓட்டுவது என்று கேட்டார். சண்டைகூடப் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் ஷட்டரை இறக்கிவிட்டு இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாப்ள, படிச்ச பொண்ணு ஒண்ணு ஒண்ணாந்தேதிலேர்ந்து வருது. உள்ள அது பாத்துக்கட்டும். நீ கவுண்டர்ல இரு. ரெடியான கண்ணாடிய எடுத்துக் குடுத்தா போதும். உனக்கும் ரெஸ்ட்டு." இவர் தலையை ஆட்டினார். லேப்டாப்பைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்தும் தொடவில்லை. சோறு வேண்டும், வேண்டாம், விசிறியைக் குறை, எல்லாம் கையால்தான். ஒரு தடவை குரல் போனதைப் பொறுத்துக்கொண்டாயிற்று, இரண்டாவது தடவையும் போனால் நான் என்ன செய்வேன்?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் எக்ஸ்சேஞ்ச் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள், பழையதெல்லாம் மாடியில் ரிப்பேர்க்காரரிடம் போய்விடும் என்று வழி காட்டினாள். மாடியில் சின்ன அறை, சுவர் முழுக்க அடுக்கடுக்காக லேப்டாப்கள். நடுவில் ஐம்பது வயது ஆள் ஒருவர் ஒரு ஸ்குரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மாடலைச் சொன்னதும் ஸ்குரூவை எடுத்துவிட்டார்.

"அதுவா? மூடி ஆடுமே, அதானே? யாரோ வெவரம் தெரியாம தள்ளிட்டுப் போயிருக்காங்கன்னு எனக்கு எடுத்து வச்சிருக்கேம்மா. இந்த மாடலக் கையில வச்சிருக்கறவன் எவனும் விக்க மாட்டான். புதுசு ஒண்ணு விட்டிருக்கானே, பாத்தீங்களா? பாக்கத்தான் அழகு."

நான் இவரைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. அவர் அலமாரியிலிருந்து அதை எடுத்து வைத்தார். வேறொரு செத்த லேப்டாப்பிலிருந்து மூடிக் கீல்களைக் கழற்றி அதில் மாட்டத் தொடங்கினார். அவர் குனிந்தபோதுதான் கவனித்தேன், அவருடைய கண்ணாடி ஒரு காது உயரம், ஒரு காது தாழ்வு, நடுவே டேப் சுற்றியிருந்தது. "அதக் கழட்டிக் குடுங்க" என்றேன். அவருடைய இடுக்கியையே வாங்கி, காம்பை வளைத்து, மூக்குத்தாங்கியை நிமிர்த்தி மாட்டிவிட்டேன். லென்ஸிலும் கீறல் இருந்தது. "நாளைக்குக் கடைக்கு வாங்க, லென்ஸ் நான் மாத்தித் தரேன்" என்றேன். "இப்பவே பாதி தெளிவாத் தெரியுதும்மா" என்று சிரித்தார்.

அன்று ராத்திரியே இவர் பழைய வாக்கியங்களையெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டார். அவர் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. பன்னிரண்டு பொத்தான்களையும் வரிசையாக ஒரு தடவை தடவினார், அவ்வளவுதான்.

மாதக் கடைசி நாள் காலையில் அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். முகம் கறுத்துவிட்டது. "குப்பையில போட்டதத் தூக்கிட்டு வந்திருக்கியா? நான் ஆசையா வாங்கிக் குடுத்தது எங்க?"

"பத்திரமா இருக்குண்ணே. வீட்டுல பாட்டு கேக்கறேன்" என்றேன்.

"வெளயாடாத. அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்ச நேரத்துல போன் பண்ணும், எத்தன மணிக்கு வரணும்னு கேட்டு. வாக்குக் குடுத்தாச்சு. ஒரு மெஷின மாத்தினா எல்லாம் சரியாயிடுமா?"

"நீயே போய் நாற்காலில உக்காரு. பாரு. அப்புறம் பேசு."

"எனக்கென்ன, கழுகுக் கண்ணு. வருஷா வருஷம் நானே பாத்துக்கறேன்."

"அப்ப அஞ்சு நிமிஷந்தானே. உக்காரேன்."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான். இவர் விளக்கை அணைத்தார். நான் மெஷினை ஓட்டுகிற பாவனையில் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். லென்ஸ் மாற்றி மாற்றிச் செருகுகிற சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டுகிற சத்தம். இவர் செருப்பு இரண்டு எட்டு சுவர்ப் பக்கம் போய்த் திரும்பியது. எழுத்துப் போர்டின் விளக்கு எரிந்தது. பிறகு டக்.

"கடைசி வரியப் படிங்க."

அண்ணன் கடகடவென்று ஒப்பித்தான். எட்டு எழுத்து, ஒன்றில்கூடத் தயங்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அது மனப்பாடம், கடையில் இருக்கிற எல்லோருக்கும் மனப்பாடம்.

டக்டக்டக், டக்டக். மூச்சு விடுவதற்குள்.

"மச்சான், போர்டத் திருப்பி வச்சிட்டேன்."

லைசென்ஸுக்கு மனப்பாடம் செய்துகொண்டு வருகிற டிரைவர்களுக்காகப் போர்டின் பின்பக்கத்தில் வேறு எழுத்துகள் உண்டு. அதை வாங்கி மாட்டியவனே அண்ணன்தான். நான் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் உள்ளே யாரும் சிரிக்கவில்லை. அண்ணனின் குரல் வந்தது, கடைக்காரக் குரல் இல்லை.

"அங்க என்ன எழுத்து இருக்கு மாப்ள?"

"நீங்க சொல்லுங்க."

"தெரியல. மேல் வரி... அதுவும் கலங்கலாத்தான் இருக்கு."

"ஆறு மாசமாப் பாக்கறேன். ரோட்டத் தாண்டறப்ப கண்ணச் சுருக்கறீங்க. சொன்னா கோவப்படுவீங்க."

"கோவந்தான் படுவேன்" என்றான் அண்ணன். "பயமா இருந்துது மாப்ள. கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்ணு போச்சுன்னு..."

"போகல. மங்கிருக்கு. தலைய ஆட்டாதீங்க."

அதற்கப்புறம் இருபது நிமிஷம் அந்த இரண்டு குரல்களும்தான். லென்ஸ் விழுகிற கிளிக், பொத்தானின் டக், பெண் குரலில் கேள்வி, அண்ணனின் பதில். ஒரு தடவைகூடக் கேள்வி மாறிப்போகவில்லை. ஒரு தடவை அண்ணன் பொய் சொல்லப் பார்த்தான். உடனே இவர் என்னவோ அடிக்க, அவன் குலுங்கிச் சிரித்ததில் லென்ஸ் ஒன்று கீழே விழுந்து உருண்டது. பாவனைக்காக அப்போது பார்த்து மெஷினை ஓட்டிவிட்டேன், என்ன அடித்தார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திரை விலகியது. அண்ணன் அந்தச் சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டியபடியே வெளியே வந்து, என்னைக் கடந்து, நேராகக் கடை வாசலுக்குப் போய் நின்றான். உள்ளே இரண்டு பேர் காத்திருந்தார்கள், அவர்களையும் பார்க்கவில்லை. எதிர்வரிசையைப் பார்த்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினான். "பூட்டு சாவி. மேல ஜெராக்ஸ். அதுக்கும் மேல... பல் டாக்டரா? எப்பத்துலேர்ந்து அங்க பல் டாக்டர் இருக்காரு?" சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன், மறுபடி தெருவைப் பார்த்தபடியே அதை என்னிடம் நீட்டினான். அந்தப் பெண்ணின் அழைப்பு.

"என்னன்னு சொல்றதுண்ணே?" என்றேன்.

அவன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. தெருமுனையில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது, அதன் நெற்றியில் இருந்த நம்பரைப் படிக்கக் கழுத்தை நீட்டி இன்னும் முன்னால் சாய்ந்தான். அவன் கால் வாசல்படியின் விளிம்பைத் தாண்டப் போனது. இவர் ஒரு கையில் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் அவன் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தார். என் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் நம்பரின் முதல் எண்ணைச் சொன்னான், பிறகு இரண்டாவதை.