எலியின் தப்பு

இருந்தது ஒரு வேலை. கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர், நானும் எலியும்.

விமானம் பழுதுபார்க்கும் பட்டறையில் ஆறு வருடமாக ஒன்றாக வேலை பார்க்கிறோம். எந்த இடுக்கிலும் கையை நுழைத்துவிடுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். இப்போது விமானப் பாகங்கள் செய்யும் பெரிய கம்பெனியின் வரவேற்பறையில், சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தோம்.

"நகத்துல கிரீஸ் போகவே மாட்டேங்குதுடி," என்றாள்.

"அப்படியே காட்டு. அனுபவச் சான்றிதழ்னு நினைச்சுக்குவாங்க."

சிரித்தாள். என்னை முதலில் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். வரைபடம், உலோகச் சோர்வு என்று அவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். பிறகு தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க செஞ்ச தப்பு ஒண்ணு சொல்லுங்கம்மா. அப்புறம் என்ன பண்ணீங்கன்னும் சொல்லுங்க."

என்னிடமும் தப்பு இருந்தது. ஒரு போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டு, யாரும் பார்க்கும் முன் வேறொன்றை மாற்றிப் போட்டு வாயை மூடிக்கொண்டது. அதை எப்படிச் சொல்வது? நான் வேறொன்றைச் சொல்லத் தொடங்கினேன்.

இறக்கையின் மூடியைத் திருகிக் கையெழுத்தும் போட்ட பிறகு, ஒரு வாஷர் குறைவது தெரிந்தது. விமானத்தை வெளியே இழுக்க வண்டி பூட்டியாகிவிட்டது. ஓடிப்போய் மேலாளரிடம், "நான்தான் சார் விட்டுட்டேன், நிறுத்துங்க" என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நாற்பது திருகுகளைக் கழற்றிப் பார்த்தால், விமானத்தைத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கேபிளை ஒட்டி அது கிடந்தது. எல்லாம் நடந்ததுதான். எலிக்கு நடந்தது. நான் பக்கத்தில் டார்ச் பிடித்திருந்தேன்.

"கை நடுங்குச்சா?" என்று கேட்டார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"ஆமா சார்."

நடுங்கியதை நான் பார்த்திருந்தேனே.

அடுத்து உள்ளே போன எலி இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டாள்.

"சொதப்பிட்டேன்டி. அந்த வாஷர் விஷயத்தச் சொன்னேன். பாதியிலயே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. வேற சொல்லுங்கன்னாங்க. எனக்கு வேற எதுவும் வாயில வரல. உன்கிட்டயும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"பாவம், நீ என்னத்தச் சொல்லியிருப்ப? தப்பே பண்ணாதவளாச்சே!"

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவள் முகத்தில் தேடினேன். இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. மூவரும் இன்னும் உள்ளேதான் இருந்தார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. "சார், அது அவ செஞ்சது." அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"வா, டீ குடிக்கலாம்," என்றாள் எலி.

எழுந்து அவளோடு போனேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தச் சம்பவத்தைச் சொல்லச் சொல்கிறார் தலைமைப் பொறியாளர். இதுவரை நான்கு முறை சொல்லியிருக்கிறேன். முதல் முறை கொஞ்சம் திக்கியது. இப்போது நன்றாகவே சொல்கிறேன்.