பேனா பிடிக்கும் கை

பேனாவில் பெயர் பொறிக்க வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது பெயரை அல்ல, கையை. வலது கைக்காரர் என்றால் பெயர் நிப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இடது கைக்காரர் என்றால் வால் பக்கத்திலிருந்து. மாறிப்போனால், எழுதுகிறவர் கண்ணுக்குச் சொந்தப் பெயரே தலைகீழாக நிற்கும்.

பக்கத்து மேசையில் ரப்பர் சீல் செய்பவருக்கு இது ஓயாத வேடிக்கை. "நான் எல்லா எழுத்தையும் திருப்பிப் போட்டே காலத்த ஓட்டுறேன். நீங்க என்னடான்னா கையப் பாத்து ஜோசியம் சொல்றீங்க."

"இறகுப் பேனா காலத்துலயே இப்படித்தான் சார். வலது கைக்காரங்களுக்கு வாத்தோட இடது சிறகுலேருந்து எடுப்பாங்களாம். அப்பத்தான் வளைவு கண்ண மறைக்காது."

"வாத்த யாராவது கேட்டாங்களா?"

அவள் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். மகள் வருகிற நேரம். நாளை முதல் மகள் சொந்தமாக நோயாளிகளைப் பார்க்கப் போகிறாள். படிக்கப் போன நாளிலிருந்து வீட்டிலிருந்து ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போகாத பெண். தன் கை பட்ட ஒரே ஒரு பொருளாவது அவளிடம் இருக்க வேண்டும் என்று இவளுக்கு ஆசை. கறுப்புப் பூச்சுப் போட்ட பித்தளைப் பேனா ஒன்றை எடுத்து, லேசரின் சக்தியைக் குறைத்து, பூச்சு மட்டும் உரியும்படி காலையிலேயே மகள் பெயரைப் பொறித்துவிட்டாள். பொன்னிறத்தில் எழுத்துகள் பளிச்சென்று வந்திருந்தன.

மகள் வந்தாள். பேனாவைப் பார்த்து, "அழகா இருக்கும்மா" என்றாள். மூடியைக் கழற்றி, மேசையில் கிடந்த துண்டுத்தாளில் கிறுக்கிப் பார்த்தாள்.

இடது கையால்.

"நீ எப்பலேருந்து இந்தக் கையில…"

"ஹாஸ்டலுக்குப் போன மறு வாரமே," என்றாள் மகள், மழை நின்றுவிட்டதைச் சொல்வதுபோல.

"ஊர்ல இருக்கிறவன் கையெல்லாம் பாத்தீங்க…" என்று தொடங்கிய சீல்காரர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அச்சு வெட்டக் குனிந்துகொண்டார்.

மகளுக்கு ஐந்து வயதில், இடது கையை நாற்காலியோடு துணியால் கட்டிவிட்டு வீட்டுப்பாடம் எழுதவைத்தவள் அவள்தான். அதற்குக் காரணம் இருந்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். இப்போது தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. யாரையும் கேட்காமல் விடாதவள் மகளைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அது எந்தக் கை என்பதைத்தான் அன்றே அவள் முடிவு செய்துவிட்டாளே.

"குடு. வேற ஒண்ணு போட்டுத் தரேன்."

"இத அழிக்க முடியாதா?"

"முடியாது. இது எழுதுறது இல்ல, சுரண்டி எடுக்கிறது. போனது போனதுதான்."

மகள் பேனாவை மறுபடியும் எழுதுகிற வாக்கில் பிடித்தாள். "எதிர்ல உக்கார்றவங்களுக்கு நேராத்தானே தெரியும்?"

"உனக்குத் தெரியாதே."

"என் பேரு எனக்குத் தெரியும்மா."

சீல்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். அம்மாவால் முடியவில்லை.

"அப்ப கை ரொம்ப வலிச்சுதா?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். உடம்பில் எங்கே வலி என்று நோயாளி யோசிப்பாரே, அப்படி. "கட்டினது வலிக்கல. நல்லா எழுதுற கையக் கட்டிட்டு, எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்குன்னு திட்டுவே பாரு, அதுதான்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மகள் மூடியைத் திருகி, பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டாள். பெயர் துணிக்குள் போய்விட்டது. கிளிப் மட்டும் வெளியே தெரிந்தது.